அறுநூற்றை எண்ணூற்றைம்பதாக்கிய பென்சில்

வினோலியா அந்தத் தாளை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு திரிய ஆரம்பித்து ஒரு மாதமாகிவிட்டது. மெயின் பஜார் பிரௌசிங் சென்டரில் தேடி அச்சடித்து வாங்கிய தாள் அது. யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் எழுதியிருந்தார். அறுநூறு மெகாஹெர்ட்ஸ் வேகம் என்று முத்திரை குத்தி விற்கிற டியூரான் என்ற கம்ப்யூட்டர் புராசசரின் மேல்பக்கத்தில் நான்கு ஜோடிப் புள்ளிகள் இருக்குமாம். ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவில் உள்ள இடைவெளியைச் சாதாரணப் பென்சிலால் கோடு போட்டு இணைத்துவிட்டால் வேகத்துக்குப் போட்ட பூட்டு திறந்துகொள்ளும். அதன் பிறகு எண்ணூறு, தொள்ளாயிரம் என்று நம் இஷ்டத்துக்கு ஓட்டிப் பார்க்கலாம். பென்சிலில் இருப்பது கரி, கரியில் மின்சாரம் ஓடும். சங்கதி அவ்வளவுதான்.

பென்சில் என்ற சொல்தான் அவளைப் பிடித்துக்கொண்டது. ஐடிஐ-யில் டிராஃப்ட்ஸ்மேன் படிப்பு முடித்து, பதினோரு வருஷமாகப் பென்சிலும் ஸ்கேலுமாக இருந்தவள். கம்ப்யூட்டர் வந்து நான்கு வருஷமாகியும் மேஜை மேல் டூ-பி பென்சில் ஒன்று சீவியே இருக்கும்.

அவள் வேலை பார்த்தது துரைராஜ் என்ற காண்டிராக்டரிடம். சுரங்கத்தில் ஒரு பக்கத்து மேல்மண்ணை வாரி அகற்றுகிறவர் அவர். நிலக்கரியை மூடிக் கிடக்கும் மண்ணில் எத்தனை கன மீட்டர் எடுத்தாரோ அந்த அளவுக்குத்தான் மாதாமாதம் பில். மாதக் கடைசியில் சர்வே ஆட்கள் குழிக்குள் இறங்கி மட்டம் எடுத்து வருவார்கள். போன மாதத் தரைக்கும் இந்த மாதத் தரைக்கும் நடுவே காணாமல் போன மண் எவ்வளவு என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு, செக்‌ஷன் படங்களும் வரைந்து கொடுப்பாள் வினோலியா. செக்‌ஷன் என்றால், குழியைக் கத்தியால் குறுக்கே நறுக்கினால் நறுக்கிய முகம் எப்படித் தெரியுமோ அந்தப் படம். மாதம் நாற்பத்திரண்டு செக்‌ஷன்.

சைட் ஆபீஸில் இருந்த பழைய கம்ப்யூட்டர் இந்தக் கணக்கை முடிக்க ஆறு மணி நேரம் எடுக்கும். நடுவில் ஒரு மட்டம் தப்பு என்று தெரிந்தால் முதலிலிருந்து இன்னொரு ஆறு மணி நேரம். மூன்றாம் தேதி சர்வே எண்கள் வரும், ஐந்தாம் தேதி பில் போக வேண்டும். அந்த இரண்டு நாளும் அவள் சாப்பிட்டாளா என்று அவளுக்கே தெரியாது. வீட்டில் சொந்தமாக ஒரு மெஷின் போட்டுக்கொண்டால் அந்த வேலையை வீட்டிலிருந்தே செய்து தரலாம், துரைராஜும் சம்மதித்திருந்தார்.

கணவன் ஜெரால்டு அனல் மின் நிலையத்தில் எலக்ட்ரீஷியன், பர்மனென்ட். இருபத்தொன்றாம் பிளாக்கில் குவார்ட்டர்ஸ் அவன் பேரில்தான் இருந்தது. ஜெனரல் ஷிஃப்ட் முடிந்து வந்து, வாசலில் சைக்கிளைச் சாத்திவிட்டு உட்கார்ந்தவனிடம் தாளை நீட்டினாள். அவன் இரண்டு முறை படித்தான்.

"மோட்டார ரேட்டிங்குக்கு மேல ஓட்டுனா சுத்தும் வினோ. சுத்தாதுன்னு சொல்லல. ஆனா சூடாவும்."

"அதான் பெரிய ஃபேன் போடச் சொல்லி எழுதியிருக்காருங்க."

"அறுநூறே போதாதா நமக்கு? இப்ப ஆபீஸ்ல இருக்கிறது நூத்தி அறுபத்தாறு."

"அதுக்குள்ள எண்ணூறு இருக்குதுன்னு தெரிஞ்ச பொறவு அறுநூறு எப்படிப் போதும்?"

ஜெரால்டு சிரித்துவிட்டான். "எண்ணூறுன்னு வேணும்னா எண்ணூறே வாங்கிடலாமே."

"அதுக்கு ரெண்டு மடங்கு கேக்கறாங்க. ரெண்டும் ஒரே அச்சுல வர்றதுதானாம். அறுநூறுக்குத்தான் கிராக்கின்னா, எண்ணூறு ஓடக்கூடியதையும் அறுநூறுன்னு குத்தி வித்துடறாங்களாம். எது அப்படிப்பட்டதுன்னு பாத்து எடுக்கணும். நான் பாத்து எடுப்பேன்."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் சொன்ன தோரணையைப் பார்த்து அவன் தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தான்.

பிப்ரவரி இரண்டாவது சனிக்கிழமை இருவரும் சென்னைக்குப் புறப்பட்டார்கள். மகளை மேல்பட்டாம்பாக்கத்தில் வினோலியாவின் அம்மா வீட்டில் விட்டாயிற்று. பண்ருட்டி, விழுப்புரம், திண்டிவனம் என்று பஸ் நின்று நின்று போய், மவுண்ட் ரோடில் இறங்கி ரிச்சி தெருவுக்குள் நுழையும்போது பதினொன்றரை. கேபிள் சுருளும் ஸ்பீக்கர் பெட்டியும் நடைபாதை வரைக்கும் வந்திருந்தன. ஏழெட்டுக் கடை ஏறி இறங்கினார்கள். சில இடங்களில் கேள்வி கேட்டது அவளாக இருந்தாலும் பதில் ஜெரால்டுக்குப் போயிற்று. அவன் ஒவ்வொரு முறையும், "அவங்ககிட்ட சொல்லுங்க, அவங்கதான் வாங்கறாங்க," என்றான்.

மாடிப்படிக்குக் கீழே இருந்த ஒரு சின்னக் கடையில்தான் தட்டோடு எடுத்துக் காட்ட ஒப்புக்கொண்டார்கள். கடைக்காரர் பெயர் சங்கரலிங்கம். பேச்சில் திருநெல்வேலி இருந்தது. பிளாஸ்டிக் தட்டில் பள்ளம் பள்ளமாக ஆறு புராசசர்கள். உள்ளங்கையில் அடங்குகிற சதுரப் பீங்கான் வில்லை ஒவ்வொன்றும். நடுவில் நகத்தளவுக்கு நீலம் பாய்ந்த ஒரு கண்ணாடிச் சில்லு. நாலு மூலையிலும் ரப்பர்ப் பொட்டு.

வினோலியா பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தாள். பழைய வரைபடத்தில் மங்கிய அளவுகளைப் படிக்க வைத்திருப்பது. சில்லின் மேல் பொடிப்பொடியாக அச்சடித்திருந்த எழுத்துகளையும் தயாரித்த வார எண்ணையும் தாளில் இருந்த பட்டியலோடு ஒப்பிட்டுக்கொண்டே வந்தாள்.

சங்கரலிங்கம் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "பென்சில் போடப் போறீகளா மேடம்?"

அவள் நிமிர்ந்தாள். மறைப்பதா வேண்டாமா என்று ஒரு கணம் தயங்கி, "ஆமாங்க," என்றாள்.

"போடுங்க. நெறயப் பேரு போடுதாக. காலேஜ் பையங்கதான் வருவாங்க, லேடீஸ் யாரும் வந்ததில்ல. ஒண்ணு மட்டும் சொல்லிருதேன். கோடு போட்டுட்டுக் கெட்டுப்போச்சுன்னு திருப்பிக் கொண்டாரப்படாது. அழிச்சிட்டுக் கொண்டாருவாக, ஆனா அழிச்ச தடம் தெரியும்."

"கொண்டாற மாட்டேங்க."

"ஃபேன் மாட்டயில சூதானம். கிளிப்ப அமுக்கும்போது ஒரு பக்கமாச் சாஞ்சா சில்லோட மூலை பேந்துரும். ஃபேன் இல்லாம ஆன் பண்ணீகன்னா ஒரு நொடிதான், கருகிரும்."

ஐந்தாவது பள்ளத்தில் இருந்ததை அவள் எடுத்துக்கொண்டாள். எழுத்துகளும் வாரமும் தாளில் சொன்னபடியே இருந்தன. அதற்குப் பொருத்தமான மதர்போர்டு, கனமான அலுமினியச் சட்டத்தோடு ஒரு விசிறி, சின்னக் குழாயில் சூட்டைக் கடத்தும் வெள்ளைக் களிம்பு. பெட்டியும் மானிட்டரும் ஊரிலேயே வாங்கியாயிற்று. திரும்பும் பஸ்ஸில் புராசசர் டப்பாவை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். திண்டிவனம் தாண்டியதும் ஜெரால்டு தூங்கிவிட்டான். அவளுக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் ஞாயிறு. சர்ச்சில் பூசை முடிந்து வந்து, சாப்பாட்டு மேஜையை ஈரத்துணியால் துடைத்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டார்கள். வினோலியா டூ-பி பென்சிலை உளிபோலத் தட்டையாகச் சீவி, உப்புத்தாளில் தேய்த்துக் கூராக்கினாள். பூதக்கண்ணாடியை மாவு டப்பாவில் சாய்த்து வைத்தாள். கண்ணாடிக்கு அடியில் அந்த நான்கு ஜோடிப் புள்ளிகள் தெரிந்தன. ஒவ்வொரு ஜோடிக்கும் இடையே மயிரிழை அகலம். பக்கத்து ஜோடியைத் தொட்டுவிட்டால் காரியம் கெட்டது.

மூச்சைப் பிடித்து, புள்ளியிலிருந்து புள்ளிக்கு ஐந்தாறு முறை இழைத்தாள். கரி ஏறுவது கண்ணுக்குத் தெரிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவதில் லேசாகப் பிசிறியது. தீக்குச்சி முனையில் பஞ்சு சுற்றித் துடைத்து மறுபடி போட்டாள். ஜெரால்டு மல்ட்டிமீட்டரின் இரண்டு ஊசிகளையும் வைத்துப் பார்த்தான்.

"நாலும் பேசுது. ஒண்ணுக்கொண்ணு ஒட்டல. நம்ம பிளான்ட்ல கூட இவ்வளவு சுத்தமா யாரும் ஜாயின்ட் போட மாட்டான்."

விசிறியை மாட்டுவது அவன் வேலையாயிற்று. கிளிப்பை ஸ்க்ரூ டிரைவரால் அமுக்கும்போது அவன் நெற்றியில் வியர்வை சொட்டாக நின்றது. 'டக்' என்று கிளிப் விழுந்த பிறகுதான் இருவரும் மூச்சு விட்டார்கள்.

முதலில் தொள்ளாயிரத்தில் வைத்தாள். விசிறி சுற்றியது, திரை கறுப்பாகவே நின்றது. அணைத்து, போர்டில் இருந்த குட்டிச் சுவிட்சுகளை மாற்றி எண்ணூற்றைம்பதுக்கு வைத்தாள். திரை வெளுத்தது. மேல் மூலையில் வெள்ளை எழுத்தில் 850 என்று வந்தது.

வினோலியா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அந்த எண்ணையே பார்த்தாள். "டீ போடட்டா?" என்று கேட்டு ஜெரால்டு உள்ளே போனான்.

அவள் அவசரக்காரி இல்லை. ஜனவரி மாதத்து எண்களை ஏற்றி, ஏற்கெனவே ஆபீஸ் மெஷினில் வந்த விடையோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். கடைசி இலக்கம் வரை ஒன்றாகவே வந்தது. அங்கே ஆறு மணி நேரம் எடுத்த கணக்கு இங்கே ஒரு மணி பத்து நிமிஷத்தில் முடிந்திருந்தது.

பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் மூன்று மாதமும் பில் நான்காம் தேதியே போயிற்று. துரைராஜுக்கு ஏகத் திருப்தி. "வினோலியாம்மா வூட்ல ஒரு மெஷின் வெச்சிருக்கு பாரு, பறக்குது," என்று சைட்டில் எல்லோரிடமும் சொன்னார். பென்சில் விஷயம் அவருக்குத் தெரியாது. அவள் சொல்லவில்லை, அவர் கேட்கவுமில்லை.

மே மாதம் கத்திரி வெயில். டவுன்ஷிப்பில் எத்தனை மரம் இருந்தால் என்ன, பகல் இரண்டு மணிக்கு ஒட்டுமொத்தக் காற்றும் அசையாமல் நிற்கும். மகள் பள்ளி லீவுக்கு மேல்பட்டாம்பாக்கத்தில் இருந்தாள். ஜூன் மூன்றாம் தேதி சர்வே எண்கள் ஃப்ளாப்பியில் வந்தன. அன்றைக்கும் வெயில் தணியவில்லை. மதியமே ஓட்டினாள். நாலு லட்சத்து நாற்பத்தேழாயிரத்து இருநூற்று முப்பது கன மீட்டர் என்று விடை வந்தது. தாளில் எடுத்து, கீழே 'கணக்கிட்டவர்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தனுப்பினாள். மறுநாள் காலை துரைராஜ் பில்லைச் சுரங்க ஆபீஸில் சேர்த்துவிட்டார்.

பில் போன பிறகு செக்‌ஷன் படங்களைச் சீராக்கிப் பைல் போடுவது வழக்கம். அவள் ஒவ்வொரு தாளாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். படத்துக்குக் கீழே அந்த முகத்தின் பரப்பளவு அச்சாகியிருக்கும். இருபத்தேழாவது தாளில் கை நின்றது.

படத்தில் தப்பில்லை. இருபத்தாறுக்கும் இருபத்தெட்டுக்கும் நடுவில் வரவேண்டிய வடிவம்தான், அதே சரிவு, அதே படிக்கட்டு. கீழே இருந்த எண்தான் அந்த வடிவத்துக்குச் சேரவில்லை. இவ்வளவு மெலிந்த வயிற்றுக்கு இவ்வளவு பரப்பு வராது. பதினைந்து வருஷம் வடிவங்களைப் பார்த்த கண்ணுக்கு ஸ்கேல் வைக்காமலே அது உறுத்தியது.

மறுபடி ஓட்டினாள். நாலு லட்சத்து முப்பத்தெட்டாயிரத்து அறுநூற்றுப் பத்து. ஏதோ கை தவறியிருக்கும் என்று மூன்றாம் முறை ஓட்டினாள். இது வேறு ஒரு எண், இரண்டுக்கும் நடுவில். எண்கள் ஒன்று, புரோகிராம் ஒன்று. விடை மட்டும் மூன்று. பெட்டியின் மேல் கை வைத்தாள். இட்லிப் பானை மூடி மாதிரி சுட்டது.

வினோலியா மெஷினை அணைத்தாள். மெஷின் நின்றுபோயிருந்தால்கூடப் பரவாயில்லை. திரை நீலமாகியிருந்தால், புகை வந்திருந்தால் தெரிந்திருக்கும். இது நல்ல பிள்ளைபோல ஓடி, பொய் சொல்லியிருக்கிறது. அந்தப் பொய்க்குக் கீழே அவள் கையெழுத்து.

ஜெரால்டு ஷிஃப்ட் முடிந்து வரும்போது அவள் பெட்டியைக் கழற்றி வைத்திருந்தாள். புராசசர் மேஜை மேல் கிடந்தது. விஷயத்தைக் கேட்டுவிட்டு அவன், 'நான் அன்னைக்கே சொன்னேன்' என்று சொல்லவில்லை. அதற்காகப் பிறகு வெகுகாலம் அவள் அவனை நன்றியோடு நினைத்துக்கொண்டதுண்டு.

"அழிச்சிடலாமா?" என்றான்.

"அழிக்கத்தான் போறேன். ஆனா இத அழிச்சாப் போச்சு, பில்லு போயிட்டுதேங்க."

அவள் ரப்பரின் ஓரத்தை பிளேடால் மெல்லிசாக நறுக்கி, நாலு கோடுகளையும் அழித்தாள். மாட்டி ஓட்டினார்கள். 600 என்று வந்தது. கணக்கை மூன்று முறை ஓட்டினாள். மூன்று முறையும் நாலு லட்சத்து முப்பத்தெட்டாயிரத்து அறுநூற்றுப் பத்து.

மறுநாள் காலை எட்டரைக்கு சைட் ஆபீஸில் துரைராஜின் மேஜை முன்னால் நின்றாள். தகர ஷெட்தான் ஆபீஸ். வெளியே கன்வேயர் ஓடும் இரைச்சல் ஓயாமல் கேட்டது. அவள் பென்சிலிலிருந்து ஆரம்பித்து முழுவதையும் சொன்னாள். துரைராஜ் பேனாவைத் திறந்து மூடித் திறந்து மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு வித்தியாசம்?"

"எட்டாயிரத்து அறுநூத்தி இருவது கன மீட்டர் சார். அதிகமாக் காட்டிட்டோம்."

"ரெண்டு பர்சென்ட் கூட இல்ல. சுரங்க ஆபீஸ்காரங்களும் தனியா ஒரு சர்வே பண்ணுவாங்க. ரெண்டு பர்சென்ட்டுக்குள்ள இருந்தா நம்மளுத அப்படியே ஒத்துக்குவாங்க. தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

"பொறவு என்னாம்மா? நான் பொய் எழுதச் சொன்னேனா? நீயும் எழுதல. மெஷின் குடுத்துது. விடு."

"கீழ என் பேரு இருக்கு சார்."

"அந்த இருபத்தேழாம் செக்‌ஷன எவன் ஸ்கேல் வெச்சிப் பாக்கப் போறான்?"

"நான் பாத்தேனே."

துரைராஜ் பேனாவைக் கீழே வைத்தார். கோபம் என்று சொல்ல முடியாது, அலுப்பு மாதிரி. "சரி, நான் ஒண்ணு கேக்கறேன். மொத நம்பரும் உன் மெஷின்தான் சொல்லுச்சு. ரெண்டாவது நம்பரும் அதே மெஷின்தான் சொல்லுது. இது நெசம், அது பொய்யின்னு எத வெச்சி நான் நம்பறது? பில்ல வாபஸ் வாங்கிகினு போயி நின்னா, நாளைக்கு நீ மூணாவது ஒண்ணு கொண்டாந்து குடுப்ப. என் மானம் என்னாவறது?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. வினோலியா மூலையில் இருந்த பீரோவைப் பார்த்தாள்.

"கையால போட்டுக் காட்டறேன் சார். நாப்பத்திரண்டு செக்‌ஷனும். நாளைக்குச் சாயந்திரத்துக்குள்ள."

"மெஷின் தொடாம?"

"கால்குலேட்டர் மட்டும்."

அவர் அவளையே பார்த்தார். "அஞ்சாம் தேதி இன்னைக்கு. ஏழாம் தேதி வரைக்கும் நான் பில்லப் பத்தி அவங்ககிட்ட வாயத் தொறக்க மாட்டேன். அதுக்குள்ள கொண்டா."

ஆபீஸ் பீரோவில் பிளானிமீட்டர் ஒன்று இருந்தது. முழங்கை மாதிரி மடங்கும் இரண்டு பித்தளைக் கைகள், ஒன்றின் நுனியில் ஊசி. வடிவத்தின் ஓரத்தைச் சுற்றி ஊசியை நடத்திக்கொண்டு போனால், கூடவே உருளும் குட்டிச் சக்கரம் பரப்பளவைச் சொல்லிவிடும். கம்ப்யூட்டர் வந்ததிலிருந்து யாரும் தொடவில்லை. சர்வே ஆட்களின் மூல நோட்டிலிருந்தே மட்டங்களை எடுத்து, கிராஃப் தாளில் செக்‌ஷன்களை அவளே வரைந்தாள். கம்ப்யூட்டர் வரைந்த படத்தை நம்பினால் பிறகு கையால் போட்டு என்ன பிரயோஜனம்.

இரண்டு நாள். ஒவ்வொரு வடிவத்தையும் இரண்டு தடவை சுற்றினாள். இரண்டும் ஒத்து வராவிட்டால் மூன்றாம் தடவை. மத்தியானத்தில் தகரம் காய்ந்து உள்ளங்கை வியர்த்தால் ஊசி வழுக்கும், முந்தானையில் துடைத்துக்கொள்வாள். டைப் அடிக்கிற தனம் அக்கா எண்களைத் தாளில் எழுதிக்கொண்டே வந்தாள். இருபத்தேழாவது செக்‌ஷன் முடிந்தபோது துரைராஜ் நாற்காலியோடு நகர்ந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். முதலில் சக்கரத்தைப் பார்த்தார், பிறகு அவள் கையைப் பார்த்தார்.

ஆறாம் தேதி சாயந்திரம் நாலரைக்குக் கூட்டி முடித்தார்கள். நாலு லட்சத்து முப்பத்தெட்டாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது. கைக்கணக்குக்கும் அறுநூறில் ஓடிய மெஷினுக்கும் முந்நூற்று முப்பது வித்தியாசம். அது கைக்கும் கண்ணுக்கும் சேரவேண்டிய பங்கு.

"சரி," என்றார் துரைராஜ்.

மறுநாள் அவளையும் அழைத்துக்கொண்டு சுரங்க ஆபீஸுக்குப் போனார். பில் பார்க்கும் இன்ஜினியர் ராமசாமி, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, திருத்திய தாளையும் பழைய தாளையும் அக்கம்பக்கமாக வைத்துப் பார்த்தார்.

"துரைராஜ், கொறச்சிப் போட்டுட்டோம், ஏத்திக் குடுங்கன்னு இந்த ரூமுக்கு நெறையப் பேரு வந்திருக்காங்க. ஏத்திப் போட்டுட்டோம், கொறைங்கன்னு வர்றது நீங்கதான் மொத ஆளு. என்ன ஆச்சு?"

துரைராஜ் வினோலியாவைக் கை காட்டினார். அவள் மறுபடி முழுவதையும் சொன்னாள். பென்சில் என்றதும் ராமசாமி பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்க ஆரம்பித்தார். எண்ணூற்றைம்பதில் எத்தனை மாதம் ஓடியது, அந்த மாதங்களின் கணக்கு என்ன ஆயிற்று என்றார்.

"மூணு மாசத்துதையும் நேத்து ராத்திரி அறுநூறுல வெச்சி மறுபடி ஓட்டிப் பாத்துட்டேன் சார். சரியா இருக்குது. வெயில்லதான் தப்பியிருக்கு."

அவர் தலையசைத்துத் திருத்திய தாளில் சுருக்கொப்பம் போட்டார். அவள் பேரை மட்டும் ஒரு முறை கேட்டு, எழுத்துக்கூட்டி எழுதிக்கொண்டார்.

வெளியே ஜீப்பில் ஏறும்போது துரைராஜ் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். "இனிமேட்டு வால்யூம் கணக்கு ஆபீஸ் மெஷின்லயே நடக்கட்டும்மா. ஆறு மணி நேரமானாலும் பரவால்ல. நீ படம் மட்டும் பாரு."

அவள் எதிர்பார்த்ததுதான். இருந்தாலும் அன்றைக்கு வீட்டுக்கு வந்து வெகுநேரம் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். ஜெரால்டு பண்ருட்டிப் பலாப்பழம் ஒன்றைக் கொண்டுவந்து, எண்ணெய் தடவிய கையோடு வாசலில் உட்கார்ந்து சுளை எடுத்தான். ஒரு கிண்ணம் நிறைந்ததும் அவள் பக்கம் தள்ளினான்.

"ஆசப்பட்டேங்க. வேலைக்குன்னு சொன்னேன், ஆனா ஆசதான். அந்த எண்ணூத்தியம்பத நானே பண்ணிட்டேன்னு."

"நீதான பண்ண. அதுல என்ன பொய்யி?" என்றான் அவன். "ஓடுச்சே மூணு மாசம்."

அவள் ஒரு சுளையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

ஜூலையும் ஆகஸ்டும் வீட்டு மெஷின் அவ்வளவாக வேலையில்லாமல் கிடந்தது. அவள் மறுபடி கோடு போட்டாள். எண்ணூற்றைம்பதுக்கு அல்ல, எழுநூறுக்கு. ஒரே கணக்கைக் காலையில் ஒரு தடவை, உச்சி வெயிலில் ஒரு தடவை என்று பத்து நாள் ஓட்டிப் பார்த்தாள். விடை அசையவில்லை. எழுநூறிலேயே விட்டாள். அதற்கு மேல் ஏற்ற அவளுக்குக் கை வரவில்லை. கீழே இறக்கவும் மனசு வரவில்லை.

செப்டம்பரில் விருத்தாசலத்திலிருந்து குழந்தைவேல் என்ற காண்டிராக்டர் விலாசம் விசாரித்துக்கொண்டு வந்தார். ராமசாமி சார் சொன்னார் என்றார். "கணக்குக் கொறஞ்சாலும் கொறஞ்சுதுன்னு சொல்ற அம்மா யாருன்னு கேட்டேன், உங்க பேரக் குடுத்தாரு. எனக்குப் போன மாசம் ரெண்டு பில்லு திரும்பி வந்துடுச்சும்மா. கணக்கு நிக்கணும் எனக்கு, அதிகம் வேணாம்." அந்த மாதக் கடைசியிலேயே அவர் மூலமாக இன்னொருவர் வந்தார். ஒவ்வொரு கணக்கையும் இரண்டு முறை ஓட்டுவேன், ஐந்து செக்‌ஷன் கையால் சரிபார்ப்பேன், அதற்கு ஒரு நாள் கூடுதலாக வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். இருவரும் ஒத்துக்கொண்டார்கள். அக்டோபர் முதல் தேதி துரைராஜிடம் போய்ச் சொல்லிக்கொண்டு சைட் வேலையிலிருந்து நின்றாள். அவர் நல்லபடியாகத்தான் அனுப்பினார். தனம் அக்கா மட்டும் கொஞ்சம் அழுதாள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள் சாயந்திரம் வாசல் கேட் திறக்கும் சத்தம் கேட்டு ஜெரால்டு எட்டிப் பார்த்தான். குடையை மடக்கிக்கொண்டு துரைராஜ் நின்றார். சட்டைப் பையில் பிளாஸ்டிக் கவர் சுற்றிய ஃப்ளாப்பி. உள்ளே வந்து, ஈரக் காலை மிதியடியில் துடைத்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"உன் எடத்துல வெச்சிருக்கற பையன் போடற கணக்கு எனக்கு வெளங்கலம்மா. நாலாந்தேதிக்குள்ள வேணும்."

வினோலியா மேஜை மேலிருந்த நோட்டைத் திறந்து பார்த்தாள்.

"நாலாந்தேதி முடியாது சார். உங்களுக்கு முன்னாடி ரெண்டு பேரு இருக்காங்க. ஆறாந்தேதி காலைல தர்றேன்."

துரைராஜ் மழையைப் பார்த்தார். மெஷினைப் பார்த்தார். பிறகு கவரைப் பிரித்து ஃப்ளாப்பியை மேஜை மேலிருந்த மற்ற இருவரின் ஃப்ளாப்பிகளுக்கும் அடியில் வைத்துவிட்டு, ஜெரால்டு நீட்டிய டீயை வாங்கிக்கொண்டு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.